காணாப் பகையை வென்ற லூயி பாஸ்தேர்

புதுவைக் கடற்கரைச் சாலையின் தென்பகுதியில் துய்ப்ளேக்சின் சிலை நிற்கின்றது. தூமா, சுஃப்ரேன், லபூர்தொன்னே என்னும் பெயர்களை அந்நகரின் வீதிகள் இன்றும் தாங்கியுள்ளன. இவர்களெல்லாம் கப்பலும் பீரங்கியும் கொண்டு புகழ் தேடியவர்கள். 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளிற் பிரெஞ்சு ஆட்சி புதுவையைவிட்டு நீங்கிற்று. அவர்கள் ஈட்டிய வெற்றிகள் இப்போது சரித்திரம் பயிலும் மாணாக்கர்க்கே உரியன. ஆயினும், இந்நகரில் ஒரு குழந்தையை வெறிநாய் கடித்துவிட, அதன் தாய் அதனைத் தோளிற் சுமந்து அரசாங்க மருத்துவமனைக்கு ஓடி வருவாளாயின், அங்கே அக்குழந்தையின் உயிரைக் காப்பது ஒரு பிரெஞ்சுக்காரரின் வெற்றியே யாகும். அவர் வாளேந்தியவரல்லர், வைத்தியப் பட்டம் பெற்றவருமல்லர். தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகன். லூயி பாஸ்தேர் என்பது அவர் பெயர். நம்மவர் பாஸ்டர் என்றும் வழங்குவர்.

விலங்கினின்று மனிதரைப் பற்றும் புதுப்புது நோய்களைக் குறித்து நாம் அடிக்கடி கேள்வியுறும் காலம் இது. 1998, 1999-ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் நிப்பா என்னும் வைரஸ் முதன்முதல் வெளிப்பட்டது. அது பழந்தின்னி வௌவாலினின்று பன்றிக்கும், பன்றியினின்று மனிதர்க்கும் பரவிற்று. 2018-இல் அதுவே கேரளத்துக் கோழிக்கோட்டிலே தோன்றிற்று. 2023 செப்டம்பரில் மீண்டும் அங்கே தலைகாட்டியபோது, அண்மையிலுள்ள மாகேயிற் பள்ளிக்கூடங்கள் சில நாள் மூடப்பட்டன. மாகே புதுவை ஆட்சிக்குட்பட்ட பகுதி யாதலின், அவ்வச்சம் நம் வீட்டு வாயிலுக்கே வந்ததாயிற்று. கண்ணுக்குத் தோன்றாத பகை ஒன்று வந்தால் அதனை எவ்வாறு எதிர்ப்பது? அறிவாலா, அச்சத்தாலா? இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கியவர் பாஸ்தேர். அவ்வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கமாகக் கூற முயல்வேன்.

பிறப்பும் இளமையும்

பிரான்சு தேசத்தின் கிழக்கே, ஜூரா மலைநாட்டிலே, தோல் என்னும் ஊர் உளது. தமிழ் செவிக்கு அவ்வூர்ப் பெயரும் அவர் தந்தையின் தொழிலும் ஒன்றாக ஒலிப்பது ஒரு விந்தை. அங்கே 1822-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 27-ஆம் நாள் லூயி பிறந்தார். தந்தையார் ழான் ழோசேப், நெப்போலியனின் சேனையிற் போர் புரிந்து செவாலியே விருது பெற்றவர். போர் ஓய்ந்தபின் குலத்தொழிலுக்குத் திரும்பினார். பின்னர் அக்குடும்பம் ஆர்புவா என்னும் ஊரிற் குடியேறிற்று. தோல் ஊறும் குழிகளும், மரப்பட்டையின் நாற்றமும், ஆற்றோசையும் சூழ்ந்த வீட்டில் அச்சிறுவர் வளர்ந்தார்.

1831-ஆம் ஆண்டில், அவருக்கு ஒன்பதாம் பிராயம் நடந்தபோது, வெறிகொண்ட ஓநாயொன்று மலைக்காட்டினின்று இறங்கி வழியிற் கண்டாரையெல்லாம் கடித்துச் சென்றது. அக்காலத்து வேறு சிகிச்சை யறியாத மக்கள், கடியுண்டோரைக் கொல்லன் உலைக்கு இழுத்துச் சென்று, பழுக்கக் காய்ச்சிய இரும்பினாற் புண்ணைச் சுட்டனர். சுட்டும் பயனில்லை, பலர் நீரைக் கண்டு நடுங்கி, தொண்டை இறுகி, அறிவு கலங்கி மாண்டனர். அவ்வலறலை அப்பக்கத்துச் சிறுவர் எவரும் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, அவர்களுள் ஒருவரே அந்நோயை எதிர்க்கப் புறப்பட்டார்.

பள்ளியில் அவர் மிகக் கூரிய மாணவரெனப் பெயரெடுக்கவில்லை. படம் வரைவதில் மட்டும் வியக்கத்தக்க ஆற்றல் இருந்தது. தாய் தந்தையரையும் அயலாரையும் அவர் வண்ணக்கோலால் தீட்டிய படங்கள் இன்றுங் காணக் கிடைக்கின்றன. 1838-இல் மேற்படிப்புக்காகப் பாரிஸ் நகருக்கு அனுப்பப்பெற்றார். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஊர்நினைவு தாங்கவில்லை. உணவு செல்லாது, உறக்கம் வாராது வாடினார். சில வாரத்திற்குள் தந்தையாரே வந்து அழைத்துச் செல்ல நேர்ந்தது. விடுதியில் முதல் ஆண்டைக் கழித்த மாணாக்கர்க்கு இச்செய்தி ஒருவாறு ஆறுதல் தரும். பின்னர் பெசான்சோன் நகரிற் பயின்று, 1842-இல் விஞ்ஞானத் தேர்வில் தேறினார். இரசாயனத்தில் அவருக்குக் கிடைத்தது நடுத்தரமான மதிப்பே. மறு ஆண்டில், பாரிசிலுள்ள எக்கோல் நொர்மால் என்னும் உயர்தர ஆசிரியர் கல்லூரியில் இடம்பெற்றார். இம்முறை ஊர்நினைவு அவரை வெல்லவில்லை.

நுண்ணுயிர் உலகம்

திராட்சைமது வைத்த பீப்பாய்களின் உட்புறத்தே படியும் உப்பினின்று இருவகை அமிலங்கள் கிடைத்தன. இரசாயன முறையில் ஆராய்ந்தால் இரண்டும் ஒன்றே; ஆயினும் ஒன்று தன்னூடு செல்லும் ஒளியின் தளத்தைத் திருப்பும், மற்றொன்று திருப்பாது. இதன் காரணம் அறியாது அறிஞர் மயங்கினர். 1848-இல், இருபத்தைந்து வயதான பாஸ்தேர், உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் அப்பளிங்குகளை ஒவ்வொன்றாக நோக்கினார். திருப்பாத அமிலத்தின் உப்பில் இருவடிவப் பளிங்குகள் கலந்திருக்கக் கண்டார். வலக்கையும் இடக்கையும் போல ஒன்று மற்றொன்றின் நிழலுருவாக இருந்தது. இடுக்கியாற் பொறுமையுடன் பிரித்துக் கரைத்துப் பார்த்தபோது, ஒன்று ஒளியை வலமாகவும் மற்றொன்று இடமாகவும் திருப்பிற்று. ஓவியம் பயின்ற கண், விஞ்ஞானத்திற்கும் பயன்பட்டது போலும்.

1849-இல் ஸ்திராஸ்பூர் நகரிற் பேராசிரியரானார். அவ்வாண்டிலேயே பல்கலைத் தலைவரின் மகளான மாரி லோரான் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் இல்லத்தரசியாக இருந்ததோடு, கணவர் சொல்லச் சொல்ல இரவுதோறும் ஆராய்ச்சிக் குறிப்புகளை எழுதிய துணைவியும் ஆவார்.

1854-இல் லீல் நகரக் கல்லூரித் தலைவராயினார். அங்கே சாராயம் வடிப்போர், தம் தொட்டிகளிற் சில காரணமின்றிப் புளித்துப் போவதை அவரிடம் முறையிட்டனர். பேராசிரியர் ஒருவர் சாராயத் தொட்டியருகே நிற்பதைச் சிலர் இழிவாகக் கருதியிருக்கலாம்; அவரோ ஒவ்வொரு தொட்டியினின்றும் ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்து நோக்கினார். நல்ல தொட்டியில் ஒருவகை நுண்ணுயிரும், கெட்ட தொட்டியில் வேறுவகை நுண்ணுயிரும் இருந்தன. நொதித்தல் என்பது உயிரற்ற இரசாயன மாறுதலன்று, உயிர்களின் தொழிலே என்று துணிந்தார். பின்னர், மதுவை ஏறத்தாழ ஐம்பது அறுபது பாகை சென்டிகிரேடு அளவுக்குச் சூடேற்றினால் அதனைக் கெடுக்கும் உயிர்கள் மடியும் என்று காட்டினார். இன்று புதுவையார் நாள்தோறும் வாங்கும் பாண்லே பால் முதலாக, உலகெங்கும் பாலைக் காப்பது அவர் பெயரால் வழங்கும் அம்முறையே யாகும்.

நுண்ணுயிர்கள் எங்கிருந்து வருகின்றன? அழுகும் பொருளினின்று தாமே உண்டாகின்றன என்று பலர் நம்பினர். பாஸ்தேர் குடுவையின் கழுத்தை அன்னப்பறவையின் கழுத்துப்போல வளைத்து, உள்ளிருந்த சாற்றைக் காய்ச்சி வைத்தார். காற்று உட்சென்றது, தூசி மட்டும் வளைவிலே தங்கிற்று. சாறு கெடவில்லை. கழுத்தை முறித்த சின்னாளில் கெட்டது. 1860-இல் மூடிய குடுவைகளை மலைமேற் கொண்டுபோய்த் திறந்து மூடினார். ஆர்புவாச் சாலையிற் திறந்த இருபதில் எட்டுக் கெட்டன. ஜூரா மலைமேல் ஐந்து. ஆல்ப்ஸ் பனிப்பாறைக் கருகே ஒன்றே ஒன்று. உயிரினின்றே உயிர் வருகிறது என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. நொதித்தலுக்கு ஓர் உயிர் காரணமாயின், நோய்க்கும் ஓர் உயிர் காரணமாகலாமன்றோ? இவ்வெண்ணமே அவரை இரசாயனத்தினின்று மருத்துவத்திற்கு இட்டுச் சென்றது.

துன்பமும் உறுதியும்

அவர் வீட்டிலே சாவு பலமுறை புகுந்தது. ஐந்து மக்களுள் மூவர் இளமையிலே இறந்தனர்: 1859-இல் மூத்த மகள் ழான், 1865-இல் கைக்குழந்தை கமீய், 1866-இல் சேசில். நோய்க்கு மூலம் என்னவென்று தேடும் தந்தை, தம் குழந்தைகளை நோய்க்குப் பறிகொடுத்து நின்றார்.

இக்காலத்திலேயே அவர் வேறொரு பெரும் பணியில் ஈடுபட்டிருந்தார். தென்பிரான்சிற் பட்டுப்புழுக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்து, நெசவுக்கு நூலின்றிக் குடும்பங்கள் வறுமையுற்றன. அவருடைய ஆசிரியர் தூமா வேண்டியதற் கிணங்கி, பட்டுப்புழுவை அதுகாறும் கையால் தொட்டறியாத பாஸ்தேர் 1865-இல் அலேஸ் என்னும் ஊருக்குச் சென்றார். ஐந்து ஆண்டு உழைத்து, நோய் ஒன்றன்று இரண்டு என்று கண்டார். தாய் அந்துப்பூச்சியை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நோயுற்றதன் முட்டைகளை விலக்கும் வழியையும் காட்டினார். நம் நாட்டுப் பட்டுமுட்டை நிலையங்களிலும் அவ்வழக்கம் இன்றுவரை நடைபெறுகின்றது.

அவ்வேலை முடியுமுன்னரே, 1868 அக்டோபரில் அவர் வாதத்தால் வீழ்ந்தார். வயது நாற்பத்தைந்து; உடலின் இடப்பாகம் செயலற்றது. பிழைப்பாரென்று பலர் எண்ணவில்லை. அவர் பிழைத்தார், ஆனால் இடக்கையும் காலும் முழுமையாகத் தேறவில்லை. நாம் பெரிதும் போற்றுகின்ற அவருடைய வெற்றிகள் யாவும், தளர்ந்த நடையும் மடங்கிய கையும் உடைய ஒரு மனிதர், பிறர் கைகளின் துணைகொண்டு செய்தவை என்பதை மறத்தலாகாது.

தடுப்பூசியின் தோற்றம்

1796-இல் ஆங்கில மருத்துவர் ஜென்னர், பசுவின் அம்மைப்பாலை மனிதர்க்குக் குத்திப் பெரியம்மையைத் தடுத்தார். நம் முன்னோர் அதனை அம்மை குத்துதல் என்றனர். ஆயின் அது ஒரு நோய்க்கு இயற்கை அளித்த தற்செயலான மருந்து. பிற நோய்களுக்கு அத்தகைய மருந்தை மனிதன் தானே ஆக்கலாமா என்பதே பாஸ்தேர் எழுப்பிய வினா.

1879, 1880-ஆம் ஆண்டுகளில் கோழிக் கொள்ளைநோயை ஆராய்கையில், நாட்பட்ட கிருமி வளர்ப்பு தன் கொடுமை குன்றி யிருப்பதையும், அதனைச் செலுத்தப்பெற்ற கோழிகள் பின்னர்ப் புதிய கிருமியாலும் சாவாமையையும் கண்டார். பகைவனது நஞ்சைத் தணித்து, அதனையே கவசமாக்கும் வழி புலப்பட்டது. அடுத்து ஆடுமாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோயை எடுத்துக்கொண்டார். 1881 மே மாதத்தில், புய்யி லெ போர் என்னும் பண்ணையில், குடியானவரும் மருத்துவரும் பத்திரிகையாளரும் காண, ஒரு மந்தைக்குத் தடுப்பு மருந்து குத்தினார்; மற்றொரு மந்தைக்குக் குத்தவில்லை. மே 31-இல் இரண்டிற்கும் கொடிய கிருமியைச் செலுத்தினார். ஜூன் 2-ஆம் நாள் கூட்டம் வந்து பார்த்தபோது, குத்தாத ஆடுகள் இறந்தும் இறந்துகொண்டும் கிடந்தன. குத்திய மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. இத்தகைய மருந்துகள் யாவற்றிற்கும், ஜென்னரின் நினைவாக, பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்த வாக்ஸின் என்னும் பெயரையே அவர் சூட்டினார்.

இங்கே ஓருண்மையை மறைத்தல் நன்றன்று. பாஸ்தேரின் ஆராய்ச்சிக் குறிப்பேடுகள் நெடுநாள் குடும்பத்தாரிடமே இருந்தன. பின் பேரர் அவற்றைப் பாரிஸ் தேசிய நூலகத்திற்கு அளித்தார். அவற்றை ஆராய்ந்து 1995-இல் நூல் வெளியிட்ட ஜெரால்டு கைசன் என்னும் சரித்திர அறிஞர், அன்று குத்திய மருந்து பாஸ்தேர் உலகறியக் கூறிய முறையில் ஆக்கப்பட்டதன்று, அவருடைய துணைவர் ஷாம்பர்லான் இரசாயனப் பொருள் சேர்த்து ஆக்கியது என்று காட்டினார். வெற்றி மெய்யே, அதனை உரைத்ததில் நேர்மை குறைந்தது. பெரியோரைப் போற்றுவோர் அவர்தம் குறையையும் அறிந்து போற்றுதலே முறை.

காணாப் பகை

1880-இல் பாஸ்தேர் வெறிநாய்க்கடி நோயை ஆராயத் தொடங்கினார். பிரான்சில் அந்நோயால் இறந்தோர் தொகை பெரிதன்று; ஆனால் அதனினும் அஞ்சப்பட்ட சாவு வேறில்லை. மேலும் அது விலங்கு மனிதர் இருபாலாரையும் பற்றுவதாதலின், விலங்கிலே சோதித்து மனிதர்க்கு உதவ வழியுண்டு.

இங்கே அவருக்கு ஒரு பெருந்தடை எதிர்ப்பட்டது. இதுகாறும் அவர் வென்ற கிருமிகளில் பலவற்றை நுண்ணோக்கியிற் கண்டு, குடுவையில் வளர்த்திருந்தார். இந்நோயின் கிருமியோ கண்ணுக்கும் அகப்படவில்லை, குடுவையிலும் வளரவில்லை. எத்துணை முயன்றும் அதனை அவர் காணவில்லை. தம் வாழ்நாளின் இறுதிவரையிலும் கண்டாரில்லை. காரணம் நமக்குத் தெரியும். அது பாக்டீரியா அன்று. அதனினும் மிகச் சிறிய வைரஸ். வைரஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு நஞ்சு என்பது பொருள். அவ்வாறே பாஸ்தேரும் அதனை வழங்கினார். நுண்ணிய வடிகட்டியையும் கடந்து செல்லும் இயல்பினது இந்நோயின் நஞ்சு என்பது 1903-இலேதான் தெளிவாயிற்று. வைரஸ்களை உருவொடு காட்டவல்ல எலக்ட்ரான் நுண்ணோக்கி 1930-களில் வந்தது.

காணாத ஒன்றை அவர் அதன் செயலால் அறிந்தார். நோயாளியின் அறிகுறிகள் யாவும் மூளையையும் நரம்பையும் பற்றியன. ஆதலின் நஞ்சின் இருப்பிடம் அங்கேயே என்று கருதினார். வெறிநாயின் மூளைப்பொருளை முயலின் மூளையிற் செலுத்த, முயல் நோயுற்றது. ஒரு முயலினின்று மற்றொரு முயலுக்கு மாற்றிக்கொண்டே போக, நோய் தோன்றும் காலம் குறைந்து ஏறக்குறைய ஏழு நாளில் நிலைத்தது. குடுவையில் வளராத பகைவனை உயிருள்ள முயலில் வளர்த்தார் என்க. பின்னர், இறந்த முயலின் தண்டுவடத்தைக் கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு, அடியிற் பொட்டாஷ் காரம் வைத்து உலர்த்தினார். நாளேற நாளேற நஞ்சு தணிந்தது. பதினான்கு நாளளவில் ஏறத்தாழ முற்றும் ஒழிந்தது. மிகப் பழைய வடத்தில் தொடங்கி, நாளுக்கு நாள் புதிய வடத்தைக் கரைத்து நாய்களுக்குக் குத்த, அவை வெறிநோயைத் தாங்கும் வலிமை பெற்றன.

இதிலே ஒரு நுட்பம் உளது. கடிவாயிற் புகுந்த வைரஸ் உடனே மூளையை அடைவதில்லை. நரம்பின் வழியே மெல்ல மெல்ல ஏறுகின்றது. அதற்குப் பல வாரங்களும் சிலபோது பல மாதங்களும் செல்லும். அக்காலத்திற்குள் உடலுக்குக் கவசம் பூட்டிவிட்டால் நோய் வாராது. கடித்தபின்னும் தடுக்கலாகும் என்பதன் மருமம் இதுவே.

ஜூலை ஆறாம் நாள்

1885 ஜூலை 4-ஆம் நாள், அல்சாசு நாட்டில், ஒன்பது வயதுச் சிறுவன் ழோசேப் மெய்ஸ்தரை வெறிநாய் கடித்தது. உடலிற் பதினான்கு காயங்கள். 6-ஆம் நாள் தாய் அவனை அழைத்துக்கொண்டு பாரிஸ் நகரில் பாஸ்தேரின் ஆராய்ச்சிச் சாலைக்கு வந்து நின்றாள். 1871-ஆம் ஆண்டுப் போரில் ஜெர்மனி கவர்ந்த நாடு அல்சாசு. தோல்வியால் மனம் புண்பட்டு, ஜெர்மானியப் பல்கலைக்கழகம் தமக்களித்த பட்டத்தையே திருப்பியனுப்பியவர் பாஸ்தேர். இழந்த நாட்டின் குழந்தை அவர் வாயிலில் நின்றது.

அவர் நிலையை எண்ணிப் பாருங்கள். மருந்து இன்னும் சோதனை நிலையைக் கடக்கவில்லை. குத்தாவிடின், சிறுவன் பெரும்பாலும் சாவான். குத்தியபின் அவன் இறப்பின், கொன்றது நாயா மருந்தா என்று எவரும் கூறவியலாது. வைத்தியரல்லாத பாஸ்தேர் ஊசியைத் தொடவும் சட்டம் இடந்தராது. வுல்பியான், கிராஞ்சே என்னும் மருத்துவர் இருவர் சிறுவனைப் பார்த்து, குத்துதலே தக்கது என்றனர். ஆராய்ச்சியில் அவருக்கு வலக்கையாயிருந்த எமீல் ரூ என்பவரோ இம்முயற்சியிற் கலந்துகொள்ளவில்லை. மெய்ஸ்தர்க்குக் கையாண்ட முறை, முன்னரே கடியுண்ட நாய்களிடத்துப் போதிய அளவு சோதிக்கப்பட்டதன்று என்பதையும் குறிப்பேடுகள் பிற்காலத்திற் புலப்படுத்தின. ஆகவே, அத்துணைவரின் தயக்கம் கோழைமையன்று. பாஸ்தேரின் துணிவும் குற்றமற்றதென்று எளிதிற் கூறிவிடற்பாலதன்று. ஒரு பக்கம் விஞ்ஞானத்தின் முறை, மற்றொரு பக்கம் கண்முன் நின்ற குழந்தை. அவர் குழந்தையின் பக்கம் சாய்ந்தார்.

அன்று மாலை கிராஞ்சே முதல் ஊசியைக் குத்தினார். பத்து நாளிற் பதின்மூன்று ஊசிகள். ஒவ்வொன்றும் முந்தியதினும் கொடிது. கடைசி ஊசியிலிருந்தது முயலை ஏழு நாளிற் கொல்லவல்ல புத்தம்புதிய நஞ்சு. சிறுவன் ஆராய்ச்சிச் சாலையின் முயல்களோடு விளையாடித் திரிந்தான். பாஸ்தேர் இரவெல்லாம் உறக்கமின்றித் தவித்தார். வாரங்கள் சென்றன, மாதங்கள் சென்றன. நோய் வரவில்லை. மெய்ஸ்தர் வளர்ந்து, பிற்காலத்திற் பாஸ்தேர் நிலையத்தின் வாயில் காவலராகப் பணியாற்றினார்.

அக்டோபரில் ழுயுபீய் என்னும் இடையன் வந்தான். சிறு பிள்ளைகளைக் காக்க வெறிநாயோடு தனியே போராடிக் கடியுண்ட பதினைந்து வயதினன், அவனும் பிழைத்தான். நவம்பரில் லூயீஸ் பெல்தியே என்னும் பத்து வயதுச் சிறுமியைக் கடித்து முப்பத்தேழு நாள் கழித்துக் கொண்டுவந்தனர். காலம் கடந்ததென்று பாஸ்தேர் அறிவார். சிறுமி இறந்தால் தம் முறைக்கே பழி வருமென்பதும் அறிவார். ஆயினும் பெற்றோரைத் திருப்பியனுப்ப அவர் மனம் ஒப்பவில்லை. டிசம்பரிற் சிறுமி இறந்தாள். பகைவர் தூற்றினர். 1886 மார்ச்சில் உருசியாவின் சுமோலென்ஸ்க் நாட்டினின்று ஓநாய் கடித்த பத்தொன்பது குடியானவர் வந்தனர். பதினறுவர் பிழைத்து ஊர் திரும்பினர். பல நாட்டுச் செல்வரும் ஏழையரும் அளித்த பொருளால் எழுந்த பாஸ்தேர் நிலையம் 1888 நவம்பர் 14-இல் பாரிசிலே திறக்கப்பட்டது.

1895 செப்டம்பர் 28-ஆம் நாள், எழுபத்திரண்டாம் வயதில், பாஸ்தேர் உயிர்நீத்தார். அவருடல் அந்நிலையத்தின் அடியிலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

நம் நாட்டில் அவர் பணி

அவர் மாணவர் கீழ்த்திசைக்கு வந்தனர். 1891-இற் கால்மெத் சைகோனில் ஒரு நிலையம் நிறுவினார். 1894-இல் எர்சேன் ஹாங்காங்கிற் பிளேக் கிருமியைக் கண்டார். 1898-இற் சிமோன் கராச்சியில், எலியினின்று பிளேக்கைப் பரப்புவது தெள்ளுப்பூச்சியே என்று சோதித்துக் காட்டினார்.

இந்தியாவில் முதல் நிலையம் 1900-இல் இமயமலைச் சாரலிற் கசௌலியில் அமைந்தது. தென்னாட்டிற் கடியுண்டோர் அங்கே போய்ச் சேருமுன் காலம் கழிந்துவிடும். 1902-இல் ஆங்கில நங்கை ஒருத்தி தென்னாட்டிலே இந்நோயால் இறந்தாள். அதன் பின் கிளர்ந்த முயற்சியினாலும், ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வரின் நன்கொடையாலும் 1907-இற் குன்னூரில் நிலையம் எழுந்தது. 1911-இற் கசௌலியில் டேவிட் செம்பிள் விலங்கின் மூளையினின்று ஒரு மருந்தை ஆக்கினார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பாட்டிமார் அஞ்சியது அம்மருந்தையே. 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியா அதனைக் கைவிட்டது. இப்போது செல்வளர்ப்பில் ஆக்கிய மருந்து புயத்திலே நான்கைந்து முறை குத்தப்படுகின்றது. ஆழ்ந்த காயமாயின் எதிர்ப்புப் புரதமும் காயத்தைச் சுற்றிச் செலுத்தப்படும். அரசு மருத்துவமனைகளில் இது விலையின்றிக் கிடைக்கும். புதுவையில் ஜிப்மர் மருத்துவமனையும், பூச்சிகளாற் பரவும் நோய்களை ஆராய 1975-இல் நிறுவப்பட்ட ஆராய்ச்சி மையமும் உள்ளன.

எல்லாம் இருந்தும், உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. மருந்தில்லாத நிப்பாவைக் கேட்டு நடுங்குகிறோம். மருந்துள்ள வெறிநாய்க்கடியை அற்பமாக எண்ணுகிறோம். நாய்க்குட்டி தானே கீறிற்று என்று வாளாவிருக்கிறோம். மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் அப்புகிறோம். மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம். நோய்க்குறி தோன்றியபின் எம்மருத்துவராலும் காத்தல் அரிது. செய்யவேண்டுவது எளிது: கடிவாயைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுக, அன்றே மருத்துவமனை செல்க, ஊசிகளை இடையில் நிறுத்தாது முடிக்க.

வைரஸ் நரம்பின் வழி மெல்ல ஏறுகின்ற அந்தச் சில வாரங்களை, கடியுண்டோர்க்கு உயிர்வாழும் தவணையாக்கித் தந்தவர் பாஸ்தேர். பெல்தியே என்னும் சிறுமிக்கு அத்தவணை கடந்துவிட்டது. அருகில் மருந்தில்லாத காலம் அது. நமக்கோ மருந்து அருகிலே உளது. அத்தவணையை வீணாக்காதிருத்தலே நாம் அவருக்குச் செலுத்தத்தக்க நன்றி.